ஆறு மணிக்குச் சேரும் போன்

“நம்ம வைஃபை பாஸ்வேர்டை மாடிவீட்டு டான்ஸ் டீச்சருக்குக் குடுத்தீங்களா?”

“சத்தியமா இல்லம்மா!”

காலையில் கணவன் சொன்னதை அவள் நம்பவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு, யாருடையதென்று தெரியாத ஒரு போன் தங்கள் ரவுட்டரில் சேர்வதை அவளுடைய செல்போன் காட்டியது. டீச்சர் வீடு திரும்புவதும் ஆறு மணிக்குத்தான்.

அன்று மாலை ஆறு மணிக்கு, தான் நடத்தும் ஆன்லைன் டியூஷனைத் தொடங்குமுன், செல்போனிலேயே பாஸ்வேர்டை மாற்றினாள். ஐந்தே நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

‘வாடி, வா!’ என்று திறந்தாள்.

ஓவர்டைம் முடிந்து எட்டு மணிக்கு வரவேண்டிய கணவன், கையில் ஆபீஸ் போனோடு நின்றான்.

“பாஸ்வேர்டை மாத்திட்டியா?”

“அந்த ஆறு மணி போன் உங்களோடதா?” என்றாள்.

“ஓவர்டைம் நின்னு மூணு மாசமாச்சு. இருக்கறது ஒரே ரூம். நான் வந்தா உன் கிளாஸ் கெட்டுடும்னு மாடிப்படியிலயே உட்கார்ந்திருந்தேன்.” தயங்கினான். “ரொம்ப நாளா கேக்கணும்னு... வாரத்துல ஒரு நாளாவது டியூஷனை விட்டுட்டு என்கூட இருப்பியா?”