அடியில் ஒரு கிண்ணம்

"வயிறு சரியாயிடுச்சுக்கா. பிரஸ்ஸுக்கு வந்துட்டேன், மிஷின் சத்தம் கேக்கல?" என்றான் தம்பி போனில்.

"கண்டதையும் தின்னா அப்படித்தான். நேத்து பூரா என் உசிரையில்ல வாங்கினே," என்று திட்டிவிட்டு டீச்சர் போனை வைத்தாள். திட்டினாலும் மனசு லேசாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நகக்கண் எல்லாம் கறுப்பு மை.

"காட்டுல முளைச்ச காளான். என்ன ஏதுன்னு பாத்துச் சொல்லணும். நான் வந்தது வெளியில தெரிய வேணாம்."

பொட்டலத்துக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு குடை, கொஞ்சம் வாடியிருந்தது. இடுக்கியால் புரட்டினாள். குடைக்கு அடியில் இருந்த மடிப்புகளும் வெள்ளை. தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு வளையம். தண்டின் அடியில் கிழிந்த கிண்ணம் போல ஒரு சவ்வு. டீச்சரின் கை அப்படியே நின்றது.

"நல்லா வேக வெச்சா?" என்று கேட்டார் வந்தவர்.

"எவ்வளவு வேக வெச்சாலும் போகாது."

"வாயில வெச்சதும் கசக்குமா?"

"ருசியா இருக்குமாம். பொழைச்சவங்க சொன்னது."

"சாப்பிட்டா உடனே ஏதாவது பண்ணுமா?"

"பண்ணாது. அரை நாள் ஆகும்."

அவர் தலையாட்டி மனசில் போட்டுக்கொண்டார். இது விஷமா என்று அந்த ஆள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னொரு கை போனைத் தேடியது.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நானும் என் பொண்டாட்டியும்தான்."

"நீங்க இங்க வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"அவதான் போய்க் கேட்டுட்டு வாங்கன்னா. இல்லாட்டி அடுப்புல ஏத்த மாட்டாளாம்."

டீச்சர் நம்பவில்லை. ஆளைப் பயமுறுத்தி வைப்போம் என்று நினைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. முதல்ல வாந்தி, பேதின்னு ஆளைப் புரட்டி எடுக்கும். அப்புறம் ஒரு நாள் எல்லாம் சரியான மாதிரி இருக்கும். எழுந்து நடமாடுவாங்க, சிரிச்சுப் பேசுவாங்க. அந்த நேரத்துல உள்ள கல்லீரல் அழிஞ்சிட்டிருக்கும். போலீஸ் கண்டுபிடிக்காதுன்னு மட்டும் நினைக்காதீங்க."

அவர் போலீஸ் என்ற சொல்லைக் காதில் வாங்கவே இல்லை. பக்கத்து ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அப்ப... எழுந்து வேலைக்கு வந்துட்டா, பொழைச்சதா அர்த்தமில்லையா?"

"இல்ல. யாரு சாப்பிட்டது?"

"பறிச்சதுல பாதியை எனக்குக் குடுத்தவர்தான். என் பக்கத்து மிஷின்ல வேலை பாக்கறவர். நான் சந்தேகப்பட்டது தெரிஞ்சா வருத்தப்படுவாரேன்னுதான் சொல்லாம வந்தேன்."

டீச்சர் மறுபடியும் அவர் நகங்களைப் பார்த்தாள்.

"பறிக்கும்போதே கேட்டேன் டீச்சர், இது நல்ல காளான்தானான்னு," என்றார் அவர். "எங்க அக்கா காளான் டீச்சர், எனக்குத் தெரியாதான்னார்."