படிச்சதா, வந்ததா?

வீடு, நிலம் போல உயர்பட்டங்களும் வாரிசுக்குப் போகும் என்று சட்டம் வந்த பிறகு, அறுவைச் சிகிச்சைக்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் செங்கொடியும் கேட்டாள்.

"டாக்டர், உங்க பட்டம் படிச்சதா, வந்ததா?"

"வந்ததுதாங்க. அப்பா பெரிய கைராசிக்காரரு," என்றான் அந்த இளைஞன்.

"கைராசியையும் சேர்த்தா எழுதி வச்சுட்டுப் போனாரு? படிச்சவங்க யாரையாவது கூப்பிடுங்க."

"இந்த ஜில்லாவுல யாரும் மிச்சமில்லீங்க. தாமதிச்சா அம்மாவோட இதயம் தாங்காது."

"சண்டை போடாதடி," என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்த பவுனம்மாள் மூச்சு வாங்கியபடியே மகளின் கையைப் பிடித்தாள். கல் சுமந்து அவளைப் படிக்கவைத்த கை.

"நீங்க என்ன பண்றீங்க மேடம்?" என்று கேட்டான் இளைஞன்.

"பாலம் கட்டுற படிப்புல முனைவர். எங்க வம்சத்துலேயே முதல் ஆள். படிச்சு வாங்கினேன்."

"யாருக்கு எழுதி வச்சிருக்கீங்க?"

செங்கொடிக்குக் குரல் இறங்கிவிட்டது. "என் மகனுக்கு. நான் பட்ட பாடு அவன் படக்கூடாதுன்னு..."

"எங்கப்பாவும் அதேதான் சொன்னாரு."

அவள் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடியதும் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள்.

"என் பட்டத்துக்கு எழுதின வாரிசுப் பேரை அடிச்சிடுங்க."

"காரணம்?" என்று மறுமுனையில் கேட்டார்கள்.

செங்கொடி மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.