பலகை எண் 41

கூட்டத்தின் நடுவில், மெர்வின் மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்துவிட்டார்.

பிரையனி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவர் பூட்ஸ் காலுக்குப் பக்கத்தில் அவளுடைய காபி.

"யோவ் மெர்வின்! குடிச்சிருக்கியா?" மேலாளர் ட்ரெவர் எகிறினார். குரல் ஏறினால் அவருக்குத் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம்தான் வரும்.

"காலையில டீதான் தல," என்றார் மெர்வின், வி.ஆர். கண்ணாடியைக் கழற்றாமலே.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி அது; அதை விரிவாக்கப் போகிறார்கள். முழுக் கட்டடத்தையும் முன்னாலேயே கணினிக்குள் கட்டி வைத்திருந்தவள் பிரையனி. கண்ணாடியை மாட்டினால் உள்ளே நடக்கலாம். பழைய நடைபாதை இடிபடாது; அதையும் லேசரால் அளந்து, ஓர் ஆணி, ஒரு பலகை விடாமல் சேர்த்திருந்தாள். ஊழியர்கள் நடந்து பார்த்துச் சரி சொல்லிவிட்டால் இன்றைக்கே கையெழுத்து.

அது முடிந்ததும் மெர்வின்மேல் விசாரணை. அவருக்கு அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை. போனாலும் போய்விடும்.

புகார் கொடுத்ததே பிரையனிதான். போன மாதம் பித்தப்பை ஆபரேஷனுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனவர், அந்தப் பழைய நடைபாதையில் பாதி வழியில் அவள் மூஞ்சிக்கு நேரே மூஞ்சியை நீட்டி, "கூ கூ கூ... கா கா கா!" என்று, ஆள் சிரிப்பது போலவே கத்துகிற கூக்கபரா பறவை மாதிரி சிரித்தார். எச்சில் தெறிக்காத குறை!

விசாரித்தால், எல்லா நோயாளிக்கும் இதே கூத்தாம். அதுவும் அதே இடத்தில். ஒருத்தருக்கு வாத்து. இன்னொருத்தருக்குப் பெரிய டாக்டரம்மா குரலில், "நர்ஸ், கத்தியக் காணோம், ஸ்பூன் இருந்தா குடு!" சின்னப் பிள்ளைகளுக்கு ட்ரெவரின் தகரக் குரல்.

ஏன் இப்படி என்று ட்ரெவர் கேட்டதற்கு, "சும்மாதான் தல. காரணத்தச் சொன்னா சனங்க தேடிப் பாப்பாங்க" என்றாராம். இது ஒரு பதிலா?

"மொதல்ல இறங்குங்க!" பிரையனி சீறினாள். "படுத்துக்கிட்டு யாராவது கட்டடம் பார்ப்பாங்களா?"

"நான் தள்ளிட்டுப் போறவங்க எல்லாரும் அப்படித்தானே கண்ணு பாக்குறாங்க?" மெர்வின் இறங்கிக் கண்ணாடியை நீட்டினார். "நீயும் ஒரு தடவை படேன்."

வீம்புக்குப் படுத்தாள். மெர்வின் கையிலிருந்த பொத்தானை அமுக்கினார். கட்டடம் நகர்ந்தது.

அவள் நூறு தடவை நடந்த வழி. நடக்கும்போது கதவு தெரியும், சுவர் தெரியும். இப்போது கூரை மட்டும். விளக்கு. விளக்கு. விளக்கு.

அப்புறம், நேர் மேலே தொங்கிக்கொண்டு வந்தது ஒரு கறுப்புப் பலகை. அவளுடைய பட்டியலில் அது 'பலகை எண் 41'. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த இரண்டு வருஷத்தில் அவள் படித்ததே இல்லை.

'நேராகச் செல்லவும்: ஆபரேஷன் தியேட்டர், பிணவறை.'

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இது... நெஜமாவே அங்க தொங்குதா?"

"பதினோரு வருஷமா. கழட்டுங்கன்னு நாலு தடவை எழுதிக் குடுத்தேன். 'அதான் புதுக் கட்டடம் வருதுல்ல, அப்பப் பாத்துக்கலாம்'னுட்டாரு நம்ம தல." தகரக் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

ட்ரெவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆனா... அன்னிக்கு நான் அந்த வழியாத்தானே போனேன்? இதப் பாக்கவே இல்லையே!"

மெர்வின் அவளுடைய காபிக் கோப்பையை எடுத்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார்.

"எப்படிப் பாத்திருப்ப கண்ணு? நடுவுல என் மூஞ்சி இருந்துச்சே!"