ஆர்கன் மூடியிருந்த நாள்

"அவ பாடிக் கேட்டதே இல்லைங்கிற. அப்புறம் எந்த நம்பிக்கையில வர்ற சம்பந்தத்தை எல்லாம் தட்டிக் கழிக்கிற?" என்று போனில் பிடித்துக்கொண்டாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்கு ஒரு பதில் சொல்லியாகணும், பாத்துக்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கா. அவ குரலைக் கேட்டுட்டு சொல்றேன்."

அந்தத் தம்பி மாதா கோயில் மாடியில் ஆர்கன் வாசிப்பவர். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. பாடகர் குழு நிற்பது அவர் முதுகுக்குப் பின்னால். ஆர்கனுக்கு மேலே மாட்டிய சின்னக் கண்ணாடியில் பாட்டு வாத்தியாரின் கையசைவைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் இரண்டு வருஷமாக அவர் அதில் பார்ப்பது வாத்தியாரை மட்டுமா? இரண்டாவது வரிசை ஓரத்தில் நிற்கும் மருந்துக்கடைக்காரப் பெண்ணையும்தான்.

அந்த உதடுகளிலிருந்து எப்படிப்பட்ட குரல் வருமோ என்று மனுஷன் ஏங்கிப் போனார். ஆர்கன் சத்தத்தில் அது தனியாகக் கேட்காததால், பெண்கள் பாடும் இடங்களில் ஆர்கனை மெல்லத் தணித்துப் பார்ப்பார். "ஏன் சார் பாட்டு நடுவுல சுருதி செத்துப் போகுது?" என்று வாத்தியார் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

துக்க நாளான பெரிய வெள்ளியன்று ஆர்கனைத் தொடக் கூடாது. வெறும் குரல்கள்தான். வேலையில்லை என்று வருஷா வருஷம் அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். இந்த வருஷம் போகவில்லை. ஆண்களோடு சேர்ந்துகொண்டு, அவளுக்கு நேர் பின்னால் போய் நின்றார்.

சங்கீதம் தொடங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டீச்சரம்மாவின் கீச்சுக் குரல் கேட்டது. தச்சரின் கட்டைக் குரல் கேட்டது. அவளிடமிருந்து மட்டும் ஒன்றையும் காணோம். லேசாக எட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது, மூச்சைக்கூட சரியான இடத்தில்தான் எடுத்தாள். சத்தம்தான் வரவில்லை. இல்லாத ஒரு குரலுக்கா இத்தனை நாள் ஏங்கினோம் என்று அவருக்கு மனசே விட்டுப்போயிற்று.

வழிபாடு முடிந்ததும் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"தொண்டை சரியில்லீங்களா?"

அவள் முகம் வெளுத்தது. "மாட்டிக்கிட்டேனா? எனக்குப் பாட்டே வராது சார். ஆள் கிடைச்சா போதும்னு வாத்தியார் சேர்த்துக்கிட்டார். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நீங்க திடீர் திடீர்னு ஆர்கனைத் தணிக்கிறப்பல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும்."

"பாட வராதவங்க எதுக்குங்க பாடகர் குழுவுல சேர்ந்தீங்க?"

அவள் தலை நிமிராமல், படியைப் பார்த்தே சொன்னாள்.

"அந்த ரெண்டாவது வரிசை ஓரத்துல நின்னாதான் சார், அந்தக் கண்ணாடியில உங்க முகம் தெரியும்."