சீக்கிரம் வந்த ஆமென்

“எங்க கத்தோலிக்க செபம் ‘இரட்சித்தருளும்’ வந்ததும் முடிஞ்சிடும். ஆமென் சொல்லி நிறுத்திடு. உங்க சர்ச்ல மாதிரி ‘ராஜ்யமும் வல்லமையும்’னு மேலே போயிடாதே.”

செகந்திராபாத் வீட்டு வாசலில், பெண் கேட்க வந்த காதலன் ஜோசியாவிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள் எமி.

“மாட்டிக்கிட்டா?”

“அம்மாவோட அப்பா, செத்துப்போன எங்க தாத்தா, புராட்டஸ்டண்ட்காரங்களைப் பதிதர்னுதான் சொல்வார். வேதத்தைப் புரட்டினவங்களாம். எங்கப்பா அவரோட செல்ல மருமகன். அப்பாவுக்குச் சொந்தம்னு வேற யாருமில்லை, தாத்தா சொன்னதுதான் வேதவாக்கு. நீ கிறிஸ்டியன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்.”

காபி முடிந்தது. அப்பா கொர்னேலியஸ் எதையும் துருவிக் கேட்கவில்லை. “செபம் சொல்லிடலாம்” என்று எழுந்தார்.

எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். ‘இரட்சித்தருளும்’ வந்தது. ஜோசியா கச்சிதமாக ஆமென் சொல்லி நிறுத்தினான். எமிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால், ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. “ராஜ்யமும்...” என்று தொடங்கிக் கடைசிவரை போய், நிதானமாக ஆமென் சொன்னது.

அப்பாவின் குரல்!

“எதுக்கு தம்பி பாதியிலேயே நிறுத்திட்டீங்க?” என்றார் அவர். “ஆரம்பத்துல நெத்தியில சிலுவை போட மறந்தீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. முப்பது வருஷம் முன்னாடி, என் மாமனார் எதிர்ல நானும் இதே இடத்துலதான் நிறுத்தினேன். கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது.”

அம்மா மெட்டில்டா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

“நீங்களும்தான் அன்னைக்குச் சிலுவை போட மறந்தீங்க. தெரிஞ்சேதான் எங்கப்பா உங்களுக்கு என்னைக் கொடுத்தார்.”