ழகரத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் புள்ளி

கணினித் திரையில், ழ என்ற எழுத்தின் வளைவோரம் ஒரு சாம்பல் புள்ளி ஒண்டிக்கொண்டிருந்தது.

“கறுப்பும் இல்லாம வெள்ளையும் இல்லாம, அழுக்கு மாதிரி ஏன் ஒட்டிக்கிட்டிருக்கே? உன்னால என் மானமே போகுது,” என்று ழ எரிந்து விழுந்தது. புள்ளிக்கு அழுகை முட்டியது.

அன்று பார்த்து, கணினிக்காரி மங்களேஸ்வரி எதையோ மாற்றப் போய், எழுத்தின் ஓரங்களை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டாள். உடனே, ஓரங்களில் ஒட்டியிருந்த சாம்பல் புள்ளிகள் எல்லாம் திரைக்குப் பின்னால் ஒதுங்கின. ழ நெஞ்சை நிமிர்த்தியது.

மங்களேஸ்வரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

“என்ன இது, ரம்பப் பல்லு மாதிரி இருக்கு?”

ழ தன் வளைவைக் குனிந்து பார்த்தது. வளைவே இல்லை, வெறும் படிக்கட்டு.

அவள் வசதியைத் திரும்பப் போட்டாள். புள்ளி தயங்கித் தயங்கி வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றது.

“இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லேன்,” என்றது ழ.