கொல்லை வாசல்

“கவிதா வந்து வாசல்ல நிக்குதுங்க சார். கண்ணெல்லாம் செவந்து கெடக்குது” என்று ஆபீஸ் உதவியாளர் மேனகா சொன்னதும் கோவிந்தராஜ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நான் இல்லைன்னு சொல்லிடும்மா.”

ஏற்காட்டு மலையில் பேர் வாங்கிய தொண்டு நிறுவனத்தின் செயலாளர், சொந்த ஆபீஸின் கொல்லை வாசல் வழியாகத் திருடனைப் போல வெளியேறினார்.

எல்லாம் அந்தப் படிப்பால் வந்தது. தொண்டு நிறுவனங்களை நடத்துவதற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ்ப் பயிற்சி. நிறுவனத்துக்கு ஒரே ஓர் இடம். படித்து வருபவருக்கே மேலாளர் வேலை என்று நிர்வாகக் குழுவும் சொல்லிவிட்டது.

அது கவிதாவுக்குத்தான் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளக்கடை கிராமத்தில் மாலைப் பள்ளியை மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் நடத்தியவள். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் அவளை நம்பித்தான் பிள்ளைகளை விட்டுப் போனார்கள். “படிச்சுட்டு வா கண்ணு, மேனேஜர் நாற்காலி உனக்குத்தான்” என்று சொன்னவரும் கோவிந்தராஜ்தான்.

அப்புறம் அக்கா பார்வதி வந்தாள். “எம் பையன் வேலையில்லாம திரியறான். தாய்மாமன்னு நீ இருந்து என்ன பிரயோஜனம்?” என்று மூக்கைச் சிந்தினாள். கோவிந்தராஜ் அவள் மகன் வெங்கடேஷின் பெயரை அனுப்பிவிட்டார்.

வெங்கடேஷ் சந்தோஷத்தில் குதிப்பான் என்று நினைத்தார். அவனோ, “அப்ப அந்த வெள்ளக்கடைப் பொண்ணு என்ன பண்ணும் மாமா?” என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு இவர் போனை அவன் எடுக்கவேயில்லை.

கவிதாவிடம் விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் வந்தால் இவர் சேலத்துக்குக் கிளம்பிவிடுவார்; போன் செய்தால் மீட்டிங் என்பார். நேற்று வகுப்பும் தொடங்கியாயிற்று. இந்நேரம் அவள் காதுக்குப் போயிருக்கும்.

ஏரிக்கரை பஜ்ஜிக்கடையில், பனிக்கு ஒதுங்கியவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சிவந்த கண்களோடு அவள் வாசலில் நிற்பதை நினைத்ததும், வந்த பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தார். நேருக்கு நேர் நின்று ரெண்டு வார்த்தை சொல்லக்கூட யோக்கியதை இல்லாமல் போயிற்றே!

“சார்!”

கவிதாதான். மூச்சிரைத்தது அவளுக்கு. “ஆபீஸ்ல இல்லைன்னாங்க. பஸ்ஸுக்குப் போறப்ப பாத்தேனுங்க.”

கடையில் நாலு பேர் திரும்பினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்கப் போகிறாள். கேட்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“கண்ணு, நான் பண்ணுனது...”

“நீங்க பண்ணுனதை நெனச்சு ராத்திரி பூரா அழுதேனுங்க சார். வெங்கடேஷ் அண்ணன் நேத்துக் காலையில ஊட்டுக்கே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க.”

கோவிந்தராஜ் தலையை நிமிர்த்தினார். “என்ன சொன்னான்?”

“அக்கா மகனுக்கே குடுக்கணும்னு உங்களை நொம்ப நெருக்குனாங்களாம். கவிதாவோட எடத்தை யாருக்கும் தரமாட்டேன்னு நீங்க ஒத்தக்கால்ல நின்னீங்களாம். அவரே யுனிவர்சிட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, அங்க பேசி, அவரு பேருக்குப் பதிலா என்னைய வகுப்புல சேத்துட்டுத்தானுங்க வந்தாரு.”

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார் கோவிந்தராஜ். அதற்குள் அவள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள்.

“நேர்மையா நடந்துக்கற ஒருத்தரைப் பத்தி, மொத வகுப்புலயே எல்லாரையும் பேசச் சொன்னாங்க” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“உங்களைப் பத்திப் பேசுனேனுங்க சார்.”